அக்கட்டால கொஞ்சம் திருப்பு

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் மொட்டை மாடியில் இருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்ணா, இந்தப் பைப்பைக் கழட்டிப் போட்டுறலாங்ளா? சும்மாதானுங் நிக்குது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆசாரத்துக் கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா, "அதுபாட்டுக்கு நிக்கட்டும். சுத்தி அடிச்சுட்டுப் போ சாமி" என்று சொல்லிவிட்டார்.

இருபதடி ஜி.ஐ. பைப் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து நிறுத்தியது அது. மூன்று பக்கமும் ஸ்டே கம்பி. உச்சியில் அலுமினியக் குச்சிகள் வைத்த டிவி ஆன்டெனா. பன்னிரண்டு குச்சிகளில் எட்டோ ஒன்பதோதான் மிச்சம். ஒரு கரிச்சான் குருவி தினமும் பொழுதோட வந்து உட்காரும். அதைத் தவிர அந்த ஆன்டெனாவால் இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக யாருக்கும் பிரயோசனம் இல்லை. நேர் தெற்கே பார்த்து நிறுத்தியது, இத்தனை ஆடிக் காற்றுக்குப் பிறகு கொஞ்சம் கிழக்கே ஒதுங்கி நிற்கிறது.

எங்கள் ஊர் தாராபுரத்தில் இருந்து மூலனூர் போகும் ரோட்டில் இறங்கி உள்ளே போக வேண்டிய ஊர். மழை பெய்து ஓய்ந்த காலையில் எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, முன்னால் நின்று தெற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் நீலமாக ஒரு கோடு போட்டது போலத் தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கொடைக்கானல். பறவை போகிற கணக்கில் 60 கிலோமீட்டர்கூட வராது. என் சின்ன வயசில் கொடைக்கானல் என்றால் சுற்றுலாத்தலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "கொடைக்கானல் எடுக்குதா?" என்றுதான் கேட்பார்கள். ஒரு வீட்டில் டிவி இருப்பது முக்கியமில்லை. அந்த மலையில் இருந்த டிவி நிலையத்தின் படம் தெரிய வேண்டும், அதாவது கொடைக்கானல் 'எடுக்க' வேண்டும்.

டிவி இந்தியாவுக்கு வந்தது 1959 செப்டம்பரில், டெல்லியில். சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15. ஆனால் சென்னைக் கோபுரத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் பாதித் தமிழ்நாடு கிடக்கிறது. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் வந்தது என்று ஊரெல்லாம் கொண்டாடியபோது எங்களுக்குக் கருப்பு வெள்ளையே வந்து சேரவில்லை. 1983-இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேலே போனது. அடுத்த வருசம் நாடு முழுக்க நாளுக்கு ஒன்று என்கிற வேகத்தில் சின்னச் சின்ன ஒளிபரப்பு நிலையங்களை நிறுத்தினார்கள். 100 வாட் சக்தி. செயற்கைக்கோளில் இருந்து டெல்லி நிகழ்ச்சியை வாங்கி, சுற்றியுள்ள டவுனுக்கு மட்டும் கொடுக்கும். டவுன்காரர்கள் இந்திச் செய்தியைப் பார்த்துத் தலையாட்டிக் கொண்டிருந்தார்கள். கொடைக்கானலில் 10 கிலோவாட் நிலையம் வந்த பிறகுதான் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், வயலும் வாழ்வும் எல்லாம் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்தன.

மலை மேல் ஒரு கோபுரம் என்றால் என்ன அர்த்தம் என்று பின்னாளில் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். எங்கள் தரை 250 மீட்டர்வாக்கில். வித்தியாசம் 1,850. இதன் வர்க்கமூலம் 43, அதை 3.57-ஆல் பெருக்கினால் 153. அதாவது பூமியின் வளைவு மறைக்காமல் அந்த உச்சியில் இருந்து 153 கிலோமீட்டர் தூரம் வரை பார்க்கலாம். ரேடியோ அலை பூமியோடு சேர்ந்து லேசாக வளைகிற ஆள், அதனால் இன்னும் கொஞ்சம் கூடவே போகும். சமவெளியில் 100 மீட்டர் கோபுரம் நட்டால் இதே கணக்கில் கிடைப்பது 36 கிலோமீட்டர். திருப்பூரும் ஈரோடும் பைப்பைத் தூக்கி நிறுத்தி, வருகிற அலையைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர் போட்டு கொடைக்கானலைப் பிடித்ததற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். நடுவில் ஒரு மேடு வந்தால் கணக்கு கெட்டுவிடும் என்பது வேறு கதை.

எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது 1989-இல். கடலைக்காய் நன்றாக விளைந்த வருசம். டயனோரா, 20 இன்ச், கருப்பு வெள்ளை, இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக் கதவு. டிவி விலைக்குப் பக்கத்தில் வந்தது பைப், ஆன்டெனா, பூஸ்டர், வயர், ஸ்டெபிலைசர் செலவு. ஆத்தா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. "கெணத்து மோட்டாருக்குப் பைப் மாத்தக் காசில்லீங்கறே, ஊரு சிரிக்கற மாதிரி ஆகாசத்துக்குப் பைப் நடறயா?" என்று ஒரே ஒரு முறை கேட்டதோடு சரி.

தாராபுரத்தில் இருந்து மெக்கானிக் அண்ணன் மொபட்டில் வந்தார். ஆன்டெனாவைப் பிரித்துத் தரையில் வைத்து எங்களுக்குப் பாடம் எடுத்தது நினைவிருக்கிறது. நடுவில் வளைத்துவிட்டிருக்கிறதே, அதுதான் படத்தைப் பிடிக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் நீளமான குச்சி பின்பக்கத்தில் இருந்து வருவதைத் தடுக்கிறது. முன்னால் இருக்கும் குட்டைக் குச்சிகள் எல்லாம் தெற்கே இருந்து வருவதைக் கூட்டிக் கொடுக்கின்றன. "குச்சியோட நீளம்தான் தம்பி ஸ்டேஷனு. சென்னைக்குச் செஞ்சத வாங்கிட்டு வந்து கொடைக்கானலுக்கு வெச்சா எடுக்காது." அவர் சொன்னதன் சூத்திரம் பின்னால் தெரிந்தது: 150-ஐ அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வருகிற மீட்டர்தான் அந்த வளைந்த குச்சியின் நீளம், கொஞ்சம் கூடக் குறைய. 60 மெகாஹெர்ட்ஸ் என்றால் இரண்டரை மீட்டர். 200 என்றால் முக்கால் மீட்டர். 1926-இல் ஜப்பானில் யாகி, உடா என்று இரண்டு பேர் கண்டுபிடித்த அமைப்பு. அண்ணனுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பைப்பை நிறுத்தியாயிற்று. அடுத்தது திருப்புகிற வேலை. ஒருவர் மாடியில் பைப்பைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் வாசலில் நிற்க, ஒருவர் டிவிக்கு முன்னால். மாடியில் மெக்கானிக் அண்ணன், வாசலில் நான், உள்ளே ஆத்தா. படம் தெரிகிறதா என்று ஆத்தா சொன்னதை நான் மேலே கத்த வேண்டும்.

"அக்கட்டால கொஞ்சம் திருப்பச் சொல்லு!"

"அக்கட்டாலயாமுங்ணா!"

"இப்போ?"

"ஆத்தா, இப்போ?"

"ஆளு தெரியுது. மூஞ்சி தெரியல. இக்கட்டால, இக்கட்டால… போதும் போதும். போச்சு. முன்ன இருந்த மாதிரி வெக்கச் சொல்லு."

ஆத்தாவுக்கு டிவி பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு ஒரு மணி நேரம் இமை கொட்டாமல் உட்கார்ந்திருந்தது அதுதான். கடைசியில் மூஞ்சி தெரிந்தபோது அது செய்தி வாசிப்பவரின் மூஞ்சி. "நல்லா லட்சணமா இருக்கறா" என்று சொல்லிவிட்டு எழுந்து கட்டுத்தறிக்குப் போனது.

அந்தப் படம் ஒரு நாளும் சுத்தமாகத் தெரிந்ததில்லை. ஆனால் கொஞ்ச மாதத்தில் படத்தைக் கெடுப்பது எது என்று படத்தை வைத்தே சொல்லப் பழகிவிட்டோம். மேலிருந்து கீழாக எறும்பு ஊர்வது போலப் புள்ளி வரிசை ஓடினால் ரோட்டில் மொபட் வருகிறது என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக்கின் பொறி. சத்தம் கேட்பதற்கு முன்பே திரையில் தெரிந்துவிடும். "ஒறம்பரை வராங்க" என்று நான் சொல்ல, நிமிசத்தில் மாமா வந்து இறங்குவார். அடர்த்தியாக ஒரு பட்டை வந்து நின்று மறைந்தால் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் ஒட்டுக்கா மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்கி படமே நாலு பக்கமும் சுருங்கும். ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று அடித்துக்கொள்ளும். படம் முழுக்க மணல் கொட்டினது மாதிரி இருந்தால் பூஸ்டர் போய்விட்டது அல்லது மேலே வயர் விட்டுப்போயிருக்கிறது. இதில் ஒரு விசேசம், படம் எவ்வளவு கெட்டாலும் சத்தம் மட்டும் தெளிவாக வரும். படத்தை ஒரு முறையிலும் சத்தத்தை எஃப்.எம். முறையிலும் அனுப்பினார்கள், எஃப்.எம். இந்தப் பொறிக்கெல்லாம் அசராது. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, பாதி வருசம் டிவியை ரேடியோவாகத்தான் கேட்டார்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ரெட்டைப் படம். செய்தி வாசிப்பவருக்கு வலது பக்கத்தில், சரியாக ஒரு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, அவருடைய மங்கலான ஆவி ஒன்று உட்கார்ந்து அவரோடு சேர்ந்து வாயசைக்கும். ஊர் முழுக்க எல்லா வீட்டிலும் அந்த ஆவி இருந்தது, ஆனால் வீட்டுக்கு வீடு தூரம் வேறு. மெக்கானிக் அண்ணன் ஆவியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வடக்கே கையைக் காட்டினார். ஊருக்கு வடக்கே ஒரு கரடு இருக்கிறது, மொட்டைப் பாறை. கொடைக்கானலில் இருந்து வருவது நேராக ஆன்டெனாவில் ஒருமுறை படுகிறது. தாண்டிப் போய்க் கரட்டில் மோதித் திரும்பி வந்து பின்னால் இன்னொரு முறை படுகிறது. கொஞ்சம் தாமதமாக வருவதால் கொஞ்சம் வலது பக்கம் தள்ளித் தெரிகிறது.

காலேஜில் படிக்கும்போது இதைக் கணக்குப் போட்டேன். நம் டிவியில் ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம். ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ நொடி. அதில் கண்ணுக்குத் தெரிகிற பாகம் 52. இருபது இன்ச் டிவியின் அகலம் 40 சென்டிமீட்டர். ஆக 3 சென்டிமீட்டர் என்பது 3.9 மைக்ரோ நொடி. ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். மொத்தம் 1,170 மீட்டர் சுற்றி வந்திருக்கிறது. போக ஒரு பாதி, வர ஒரு பாதி. கரடு எங்கள் வீட்டில் இருந்து 600 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த லீவில் ஊருக்கு வந்து சைக்கிளில் மிதித்துப் பார்த்தேன், ஏறக்குறையச் சரியாக இருந்தது. பள்ளிக்கூட ஸ்கேலை டிவிக் கண்ணாடியில் வைத்து ஒரு மலையின் தூரத்தை அளந்த சந்தோசம் எனக்கு அப்புறம் எந்தக் கணக்கிலும் கிடைக்கவில்லை.

ஆவியை விரட்ட மெக்கானிக் அண்ணன் பின்னால் இன்னும் இரண்டு நீளக் குச்சியைச் சேர்த்தார். குறைந்தது, போகவில்லை.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி பிறந்தால் ஆரம்பித்து ஆவணி வரைக்கும் மேற்கே இருந்து ஓயாமல் அடிக்கும். முருங்கை ஒடியும், ஓடு பறக்கும், ஆன்டெனா திரும்பும். ஆடியில் எந்த ஊருக்குப் போனாலும் மாடிக்கு மாடி ஆள் நின்று பைப்பைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். மற்ற மாதங்களில் பஸ்ஸில் போகும்போது ஊர் ஊராக எல்லா ஆன்டெனாவும் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். புது ஊரில் திசை தெரியாவிட்டால் கூரைகளைப் பார்த்தால் போதும், தெற்கு தெரிந்துவிடும். இப்போது அதே காற்றை நம்பி வழியெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. அவை அன்றைக்கு இருந்திருந்தால் ஒவ்வொரு இறக்கை கடக்கும்போதும் படம் ஒருமுறை கண்ணடித்திருக்கும்.

ஐப்பசி இடிதான் பயம். இடி இறங்கும் சத்தம் தூரத்தில் கேட்டாலே அப்பா ஓடிப்போய் டிவிக்குப் பின்னால் இருந்து வயரைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வீசிவிடுவார். ஒரு நாள் அவர் சந்தைக்குப் போயிருந்தபோது இறங்கியது. பைப்பில் இல்லை, பக்கத்துத் தென்னையில். இருந்தும் பூஸ்டர் கருகி, டிவிக்குள் டியூனர் போய்விட்டது. பைப்புக்கு எர்த் போடாமல் விட்டது தப்பு என்று மெக்கானிக் அண்ணன் அப்புறம் சொன்னார். நிறுத்தும்போதே சொல்லியிருக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் கேபிள் வந்தது. 1993 ஏப்ரலில் சன் டிவி ஆரம்பித்தபோது எங்களுக்குச் செய்தியாகத்தான் தெரியும். நாலு வருசம் கழித்து தென்னை மரத்துக்குத் தென்னை மரம் கருப்பு வயரை இழுத்துக் கட்டிக்கொண்டு கேபிள்காரர் சாளை வரைக்கும் வந்துவிட்டார். அன்றோடு ஆன்டெனா வயரை டிவியில் இருந்து பிடுங்கியதுதான். 1997. இடி இல்லாத ஒரு நாளில்.

கேபிளும் அப்போது அனலாக்தான் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. ஆகாயத்தில் வந்தது வயரில் வந்தது, அவ்வளவுதான். டிஜிட்டல் என்கிற வார்த்தை எங்கள் பக்கத்து ஆசாரங்களுக்குள் நுழைந்தது செட்டாப் பாக்ஸாகத்தான். கேபிளை டிஜிட்டலாக்க 2011-இல் சட்டத் திருத்தம். கோயம்புத்தூர் இரண்டாம் கட்டப் பட்டியலில் இருந்தது, கெடு 2013 மார்ச் 31. கிராமங்களுக்கு நாலாம் கட்டம். தள்ளித் தள்ளி 2017 மார்ச் 31-க்கு வந்து நின்றது. பெட்டி வந்த அன்றைக்குப் படம் கண்ணாடி மாதிரி இருந்தது உண்மை. கேபிள்காரர் ரிமோட் இரண்டாகிவிட்டதை விளக்கிக்கொண்டிருந்தபோது அப்பா, "புள்ளியெல்லாம் எங்கீங் போச்சு?" என்று கேட்டார். கிண்டலா நிஜமா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

வயரில் நடந்த மாற்றம் இப்படி எல்லோருக்கும் தெரிந்து நடந்தது. சண்டை போட்டார்கள், கெடு தள்ளிப்போனது, பெட்டிக்குக் காசு கேட்டார்கள், பேரம் பேசினார்கள். ஆகாயத்தில் நடந்தது யாருக்குமே தெரியாது. எனக்கும் தெரியாது. 2023 பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது அரசாங்கம் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி கிடைத்தது. 2006-இல் ஆரம்பித்த இலவச டிவித் திட்டத்தில் வந்தது, நல்ல நிலையில் இருந்தது. மாடியில் இருந்து தொங்கிக்கொண்டிருந்த பழைய பட்டை வயரைச் சுரண்டி, பின்னால் சொருகி, சேனல் தேடவிட்டேன். ஒன்றுமில்லை. வெறும் மணல். பைப் திரும்பியிருக்கிறது என்று நினைத்து மாடிக்கு ஏறி முக்கால் மணி நேரம் திருப்பினேன். பையன் கீழே நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டே "இல்லீங்பா, இல்லீங்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் அதே செல்போனில் தேடிப் பார்த்தால், விசயம் முடிந்தே மாதக்கணக்கு ஆகியிருக்கிறது. தூர்தர்சனின் அனலாக் ஒளிபரப்பிகளைச் சில வருசமாகவே கட்டம் கட்டமாக நிறுத்திக்கொண்டு வந்து, கடைசித் தவணைகளாக 2021 அக்டோபர் கடைசியில் 152, டிசம்பர் கடைசியில் 109, 2022 மார்ச் கடைசியில் மறுபடி 152. எல்லைப்புறம் மாதிரியான இடங்களில் ஐம்பது சொச்சத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். நான் முக்கால் மணி நேரம் திருப்பியது மூடிய கடையின் கதவைத் தட்டியது மாதிரிதான்.

அந்த வருசம் கோடையில் நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். எடிசன் பக்கம். போன மூன்றாம் நாள் மாப்பிள்ளை ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து, சாப்பாட்டு மேசை விரிப்பு மாதிரி மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தகட்டை எடுத்தார். "மச்சான், இது ஆன்டெனாங்க. கேபிளை நிறுத்திட்டோம். இதுல சும்மாவே வருதாமா." எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் எல்லோரும் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று நான் நினைத்த சாமானை அமெரிக்காவில் புதுசாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

அங்கே 2009 ஜூன் 12-ஆம் தேதி முழுச் சக்தி நிலையங்கள் எல்லாம் அனலாக்கை நிறுத்தின. ஆனால் நிறுத்தியது அனலாக்கைத்தான், ஆகாயத்தை இல்லை. அதே நிலையங்கள் டிஜிட்டலாக அனுப்பிக்கொண்டிருந்தன. பழைய டிவி வைத்திருப்பவர்கள் மாற்றுப் பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு கூப்பன், ஒவ்வொன்றும் 40 டாலர், அரசாங்கமே கொடுத்தது. முன்பு ஒரே ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு போன 6 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் இப்போது நொடிக்கு 19 மெகாபிட் அளவுக்குத் தகவல் போகிறது, ஒரு ஹெச்.டி. சேனலும் கூடவே இரண்டு மூன்று சாதாரண சேனலும் அதில் அடங்கிவிடும். பிரிட்டன் 2012 அக்டோபரில் முடித்தது, ஜப்பான் அதற்கும் முன்னால் பெரும்பாலும் முடித்துவிட்டது. பல வீடுகளில் கூரை மேல் ஆன்டெனா அப்படியே இருந்தது. கீழே பெட்டிதான் மாறியது.

நியூயார்க் நிலையங்கள் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலும் ஒன் வேர்ல்டு டிரேட் சென்டரின் உச்சியிலும் இருக்கின்றன. எடிசனுக்கு வடகிழக்கே, 45 கிலோமீட்டர்வாக்கில். எங்கள் ஊருக்குக் கொடைக்கானல் மாதிரி. மாப்பிள்ளை சோபாவில் ஏறி ஜன்னலில் தகட்டை ஒட்ட, நான் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். முப்பது வருசத்துக்கு முந்தின அனுபவம் எனக்கு. வாயைத் திறந்தேன், "அக்கட்டால கொஞ்சம்…" அவ்வளவுதான், மேலே சொல்ல ஒன்றும் இல்லை. படம் துல்லியமாக இருந்தது. தகட்டை நாலு அங்குலம் நகர்த்தினார். அப்போதும் துல்லியமாகவே இருந்தது. இன்னும் ஒரு அங்குலம். பேசிக்கொண்டிருந்தவரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் திறந்த நிலையில் நின்று, திரை கருத்துவிட்டது. எந்தப் பக்கம் போனால் சரியாகும், எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறோம், எதனால் போனது, எதுவுமே அதில் எழுதியில்லை. மணல் இல்லை, எறும்பு இல்லை, ஆவி இல்லை. மோதித் திரும்பி வருவதை எல்லாம் உள்ளே இருக்கும் சில்லு கணக்குப் போட்டுக் கழித்துவிடுகிறது. ஓரளவு வரைக்கும் எல்லாக் குறையையும் மறைத்து வைத்திருந்து, அதற்கு மேல் தாங்காது என்றால் ஒரேயடியாகக் கையை விரித்துவிடும். மெனுவுக்குள் போனால் சிக்னல் அளவு காட்டும் பட்டை ஒன்று இருக்கிறது. அது நாம் நகர்த்தி நாலு நொடி கழித்துத்தான் நகரும். ஆத்தா அந்த இடத்தில் இருந்திருந்தால் பத்து நிமிசத்தில் எழுந்து போயிருக்கும்.

கடைசியில் ஐம்பதுக்கு மேல் சேனல் வந்தது. எல்லாம் இலவசம். அதில் ஒன்றைக்கூட அந்த வீட்டுப் பிள்ளைகள் பார்த்து நான் பார்க்கவில்லை, அது வேறு.

நம் நாட்டில் ஆகாய வழி டிஜிட்டல் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2016 பிப்ரவரியில் தூர்தர்சன் டி.வி.பி.-டி2 என்கிற முறையில் 16 நகரங்களில் ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் சென்னை மட்டும். கொங்குப் பக்கம் வரவில்லை. அனலாக்கை நிறுத்தியதற்கு அவர்கள் சொன்ன காரணம் நியாயமானதுதான்: பார்க்க ஆள் இல்லாத ஒளிபரப்புக்கு வருசா வருசம் மின்சாரச் செலவு; அந்த அலைவரிசை 5ஜி போன்றவற்றுக்குப் பயன்படும். நானே 1997-க்கு அப்புறம் பார்க்கவில்லை, எந்த முகத்தோடு கோபப்படுவது? என் மனத்தாங்கல் ஒன்றுதான். மற்ற நாடுகளில் நடந்ததற்கு மாற்றம் என்று பேர். எங்களுக்கு நடந்தது அது இல்லை. கொடைக்கானல் எடுப்பது நின்றது, அவ்வளவே.

இலவசமாக வேண்டும் என்றால் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் ஆரம்பித்தது. ஒருமுறை குடையும் பெட்டியும் வாங்கினால் மாதக் காசு இல்லை. எங்கள் ஊரிலும் நாலைந்து சாளைகளில் இருக்கிறது. தென்கிழக்கே பார்த்து, ஏறக்குறைய மல்லாந்து படுத்தது போல வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும், 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15-ஐ நோக்கி. நல்ல திட்டம். ஆனால் அது வேலை செய்கிற கு-பேண்ட் அலைக்கு மழை ஆகாது. ஐப்பசியில் வானம் இருண்டு கொட்டும்போது முதலில் போவது அதுதான். கேபிளோ, எங்காவது ஒரு இடத்தில் கரண்ட் போனால் வரிசையாகப் போய்விடும். கொடைக்கானலில் இருந்து வந்த அலைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. அடைமழையில் டிவியை பேட்டரியில் போட்டு, புள்ளி புள்ளியாகப் புயல் செய்தி பார்த்த ராத்திரிகள் எனக்கு நினைவிருக்கின்றன. இப்போது கோபுரத்தில் இருந்து நேராகச் செல்போனுக்கே டிவியை அனுப்பலாம் என்று சோதனைகள் நடக்கின்றன. அமெரிக்காவில் ஆகாய வழி டிவிக்கு அடுத்த தலைமுறையாக வரும் ஏ.டி.எஸ்.சி. 3.0 முறையை வைத்து. வந்தால் நல்லதுதான். செல்போனை யாரும் மாடிக்கு ஏறித் திருப்ப வேண்டியிருக்காது.

வெள்ளையடிப்பவர் சுற்றி அடித்துவிட்டுப் போன மறுவாரம், தளத்தில் பைப் நட்ட இடத்தில் தண்ணீர் கசிவதாக மேஸ்திரி சொல்லிவிட்டார். அதற்கு மேல் அப்பாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நாலு பேர் பிடித்து இறக்கினோம். தரையில் படுக்க வைத்ததும் அவர் வந்து பார்த்தார். மெக்கானிக் அண்ணன் பின்னால் சேர்த்த இரண்டு குச்சிகள் மட்டும் வளையாமல் இருந்தன. அலுமினியத்தைப் பழைய இரும்புக்காரர் தொங்கு தராசில் போட்டு ஒன்றேகால் கிலோ என்றார். அப்பா ஒன்றரை என்றார். ஒன்றரைக்கே காசு கொடுத்துவிட்டுப் போனார். பைப் இரண்டும் கட்டுத்தறித் தகரத்துக்குத் தாங்கலாகப் போயின.

பட்டை வயரை மட்டும் அப்பா கொடுக்கவில்லை. அவருடைய ரேடியோவில் இழுக்கிற ஏரியல் எப்போதோ ஒடிந்துவிட்டது. இரண்டு முழ வயரை வெட்டி, நுனியைப் பல்லால் கடித்து உரித்து, ஒடிந்த இடத்தில் சுற்றி, மறுநுனியை ஜன்னல் கம்பியில் முடிந்தார். 100.5. கோடை பண்பலை அதே மலையில் இருந்து இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. முள்ளைத் திருப்பினார். பாட்டோடு லேசாக இரைச்சல்.

"கண்ணு," என்றார் என் பையனைப் பார்த்து, "அந்த வயரை அக்கட்டால கொஞ்சம் நகத்து."

பையன் செல்போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனான்.

"இப்போங் அப்பாரு?"

"இன்னுங் கொஞ்சம்."